மழை விட்டபின் ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி: ‘டக்’ என்று ஒரே சத்தம், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவில்லை

மணலி பத்து சக்கரம் | செவ்வாய், காலை 8.10

வணக்கம். அப்பா ஓட்டிய லாரியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 2004 மாடல் லேலண்ட், பத்து சக்கரம், 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரீஸில் இருக்கின்றன. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப், எஞ்சினை நிறுத்த கேபினில் ஸ்டாப் கேபிள், அவ்வளவுதான்.

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தேன். ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் பார்த்தபோது முன் சக்கர ஹப் வரை தண்ணீர் நின்றது, ஏழு மணிக்கெல்லாம் வடிந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் கீழேயிருந்து ‘டக்’ என்று ஒரே சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. எப்போதாவது அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஹாரனும் பலமாக அடிக்கிறது.

பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, இரண்டு பேட்டரியும் போய்விட்டது, புதுசு போட்டால்தான் ஓடும் என்கிறார். பேட்டரி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இரண்டு பேட்டரிக்குப் பணம் புரட்டுவது எனக்குச் சின்ன விஷயமில்லை. கும்மிடிப்பூண்டிக்கு லோடு ஏற்றி வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | காலை 8.32

தம்பி, முதலில் சாவியில் இருந்து கையை எடுங்கள். நான் கேட்பதற்குப் பதில் சொல்லும்வரை மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டாம்.

1. ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது? கேபினுக்குப் பின்னால் மேலேயா, சேசிஸ் ஓரத்தில் கீழேயா? மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

2. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு கூடியிருக்கிறதா? வெளுத்துப் போயிருக்கிறதா?

3. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்குகிறதா, அப்படியே எரிகிறதா? காலையில் அடித்தபோது பார்த்த ஞாபகத்தில் இருந்து சொன்னால் போதும், இதற்காக மறுபடி அடிக்காதீர்கள்.

4. இந்த ஒன்றிரண்டு மாதமாகக் காலையில் செல்ஃப் சோர்ந்து சுற்றியதா?

பேட்டரி வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

எண்ணூர் டிரெய்லர் | காலை 8.45

மூலக்கடை அண்ணன் சொன்ன முதல் விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் வேறு. தண்ணீர் வடிந்த அன்றே அவசரப்பட்டு செல்ஃப் அடித்தவர்கள் பலர். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் ராடு வளைந்து, எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றிவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றியிருந்தால் தண்ணீர் வெளியே பீச்சியடித்திருக்கும், எஞ்சின் தப்பித்திருக்கும்.

தம்பி வண்டியில் ஹப் வரைதான் தண்ணீர். அதனால் உள்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிட்டு அடிப்பதுதான் முறை.

தண்டையார்பேட்டை டீசல் | காலை 9.05

பம்ப், நாசில் வேலை செய்பவன் நான். மழைக்குப் பிறகு எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் டீசலில் தண்ணீர்தான். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அது வழியாகத் தண்ணீர் இறங்கும். டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்.

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | காலை 9.14

தண்டையார்பேட்டை அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டிக்கு. இங்கே செல்ஃபே சுற்றவில்லை. டீசல் டேங்க் முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் செல்ஃப் மோட்டார் சுற்றத்தானே செய்யும்? டேங்கை அப்புறம் பார்க்கலாம். எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்பதை வைத்து முதலிலேயே பிரித்துவிட வேண்டும். அது தெரியாமல் ஒரே வண்டியில் நாலு பேர் நாலு பக்கம் கழற்றினால் காசும் போகும், நாளும் போகும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பெட்ரோல் வண்டி மாதிரி மழையில் நனைந்து கரண்ட் கசிவதற்கு எஞ்சின் மேல் எதுவும் கிடையாது. அதனால் மழைக்குப் பிறகு பழைய டீசல் லாரி படுத்தால் நான் பார்ப்பது மூன்று இடங்கள்: செல்ஃபுக்குப் போகும் கனமான ஒயர்கள், சாவி சுவிட்சும் ரிலேயும், டீசல் லைன். ‘டக்’ சத்தம் வருகிறது என்றால் சாவியும் ரிலேயும் வேலை செய்கின்றன, சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது. மிச்சம் இருப்பது கனமான ஒயர்கள், பேட்டரி, செல்ஃப் மோட்டார்.

மீஞ்சூர் டிப்பர் | காலை 9.20

அண்ணே, இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்து, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் ஸ்பேனரால் ஒட்டிப் பிடித்தால் செல்ஃப் சுற்றும். சுற்றவில்லை என்றால் செல்ஃப் அவுட். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பார்ப்போம்.

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | காலை 9.31

டிப்பர் தம்பி, அதைச் செய்யச் சொல்லாதீர்கள். கியர் விழுந்திருந்தால், எஞ்சின் பிடித்த நொடியில் வண்டி நகரும். ஆள் அடியில் படுத்திருக்கிறார், பின்னால் லோடு இருக்கிறது. இன்னொன்று, அந்த இரண்டு போல்ட்டுக்கு நடுவில் சில நூறு ஆம்பியர் ஓடும். ஸ்பேனர் அங்கேயே வெல்டாகி ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறந்தால் அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு மல்ட்டிமீட்டர் போதும். ரிச்சி தெருவுக்குப் போனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மாதவரம் பார்சல் | காலை 9.40

இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு லோடை இறக்கிவிட்டு வந்து பார்க்கக் கூடாதா? லோடு நிற்கிறதே.

எண்ணூர் டிரெய்லர் | காலை 9.52

ஏர் பிரேக் வண்டியில் அது அவ்வளவு சுலபமில்லை. பின் சக்கரத்தில் ஸ்பிரிங் பிரேக் இருந்தால், டேங்கில் காற்று ஏறாமல் சக்கரம் விடாது. எஞ்சின் ஓடினால்தான் காற்று ஏறும். பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. மழை நேரத்து மணலி ரோட்டில் லோடோடு, பிரேக் நம்பிக்கை இல்லாமல், கயிறு கட்டி இழுப்பதை நான் செய்ய மாட்டேன்.

மணலி பத்து சக்கரம் | காலை 10.25

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

ஏர் ஃபில்டர் மேலே கேபினுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே காய்ந்து இருக்கிறது. ஆயில் அளவு மாறவில்லை, நிறமும் சரியாக இருக்கிறது. மூலக்கடை அண்ணா கேட்டதற்கு: ஹெட்லைட் கொஞ்சம்தான் மங்கியது, அணையவில்லை. தீபாவளிக்கு முன்பிருந்தே காலையில் செல்ஃப் கனமாகத்தான் சுற்றியது. எஞ்சின் சூடான பிறகு நன்றாக எடுக்கும். அதனால் குளிர் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

பக்கத்துக் கடையில் மீட்டர் வாங்கி வந்தேன். பேட்டரி ஒன்று 12.6, இன்னொன்று 12.3. அடுத்து என்ன செய்வது?

இன்னொரு விஷயம். சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. காலையில் சில தடவை செல்ஃப் அடித்த பிறகு ஸ்டாப் கேபிளின் கைப்பிடியைத் தொட்டேன், சூடாக இருந்தது. எஞ்சின் ஓடவே இல்லை, அது எப்படிச் சூடாகும்?

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | காலை 10.33

தம்பி, அந்தக் கடைசி வரிதான் விஷயம். பேட்டரிக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து கரண்ட் கனமான ஒயர் வழியாக செல்ஃபுக்கு வருகிறது. மோட்டாரைச் சுற்றிவிட்டு அதன் உடம்பு வழியாக எஞ்சினுக்கு வருகிறது. அங்கிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். மைனஸ் ஒயர் சேசிஸில் கட்டியிருக்கிறது. ஆனால் எஞ்சின் சேசிஸ் மேல் நேரடியாக உட்காரவில்லை, நாலு ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ சேசிஸோடு ஒரு எர்த் பட்டி போட்டிருப்பார்கள், பின்னலாக இருக்கும் செம்புப் பட்டி.

அந்தப் பட்டி கெட்டுப்போனால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் கேபினையும் இணைக்கும் எந்த இரும்பும் அதற்கு வழிதான். ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், மீட்டர் கேபிள். செல்ஃபுக்கு வேண்டிய கரண்ட் அந்த மெல்லிய கம்பியில் ஓடினால் சுடாமல் என்ன செய்யும்?

ஹெட்லைட் அதிகம் மங்காததும் இதனால்தான். ஹெட்லைட்டின் எர்த் கேபின் உடம்பில் இருக்கிறது, அது எஞ்சின் பட்டியை நம்பியில்லை. பேட்டரி உண்மையிலேயே காலியாக இருந்தால் சாவியைத் திருப்பியதும் லைட் சுருங்கி மஞ்சளாகிவிடும், சொலினாய்டு ‘டக் டக் டக்’ என்று விடாமல் அடிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் தூணிலேயே வையுங்கள். கிளாம்ப்பில் வேண்டாம், ஈயத் தூணில். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடியுங்கள். கிளீனரை ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் என்ன காட்டுகிறது? நல்ல எர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் இருக்கும்.

பின்குறிப்பு: ஒரு பேட்டரி மட்டும் 12.3 இருக்கிறதே, ரேடியோவோ போன் சார்ஜரோ அந்த ஒற்றைப் பேட்டரியில் இருந்து 12 வோல்ட்டாக எடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அதைக் கழற்றிவிட்டு 24-ல் இருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். ஒன்றை மட்டும் தின்றுகொண்டிருந்தால் இரண்டுமே சீக்கிரம் போகும்.

மணலி பத்து சக்கரம் | காலை 10.58

ரேடியோ ஒற்றைப் பேட்டரியில்தான் இருக்கிறது அண்ணா. அப்பா காலத்தில் போட்டது.

அளந்தேன். சாவியைத் திருப்பிய நொடியில் 14 வோல்ட் காட்டியது. சந்தேகமாக இருந்ததால் வேறு போல்ட்டில் வைத்தும் பார்த்தேன், அதே அளவுதான். அந்த நேரம் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 22.8 இருந்தது.

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | காலை 11.04

22.8-ல் 14 வோல்ட் எர்த்திலேயே போய்விடுகிறது. மிச்சம் எட்டு சொச்சம் வோல்ட்டை வைத்து 24 வோல்ட் செல்ஃப் எப்படி எஞ்சினைச் சுற்றும்? சொலினாய்டு இழுத்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும், அதோடு சரி. உங்கள் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

உறுதி செய்ய: கனமான ஜம்ப் ஒயர் ஒன்று வாங்கி வாருங்கள். ஒரு முனையை முதலில் எஞ்சினில் கனமான போல்ட் ஒன்றில் மாட்டுங்கள், மறுமுனையை பேட்டரி மைனஸில் மாட்டுங்கள். எந்த மைனஸ் என்பதில் கவனம். இரண்டு பேட்டரி சீரீஸில் இருப்பதால், சேசிஸுக்குப் போகும் ஒயர் எந்தத் தூணில் இருக்கிறதோ அந்தத் தூண். நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒயர் பக்கம் போகவே கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

காசிமேடு ஐஸ் வண்டி | காலை 11.15

இதைப் படிக்கும்போது எங்கள் வண்டி ஞாபகம்தான் வருகிறது. மீன் ஏற்றுவதால் உப்புத் தண்ணீர் சேசிஸ் மேல் எப்போதும் ஒழுகும். எர்த் ஒயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், முனையில் போல்ட்டில் மாட்டும் வளையமான லக்குக்குள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்து செம்பு தூளாகியிருக்கும். கையால் இழுத்தால் ஒயர் தனியாக வந்துவிடும். தம்பி, பட்டியைப் பார்க்கும்போது இழுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

மணலி பத்து சக்கரம் | காலை 11.50

ஓடிவிட்டது அண்ணா! ஜம்ப் ஒயர் மாட்டியதும் முதல் அடியிலேயே பிடித்தது. இந்த வேகத்தில் செல்ஃப் சுற்றி நான் பார்த்ததே இல்லை. எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 27.9 காட்டுகிறது. அம்மாவுக்குப் போன் செய்து பேட்டரிக்காக வைத்த பணத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எர்த் பட்டி கியர்பாக்ஸ் பக்கத்தில் சேசிஸோடு கட்டியிருக்கிறது. மேலே முழுக்கச் சேறு. சுரண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இழை அறுந்திருக்கிறது. சேசிஸ் பக்கம் போல்ட்டுக்கு அடியில் துரு ஏடாக உரிந்து வருகிறது. இவ்வளவு நாள் எப்படித்தான் ஓடியதோ! ஆனால் ஒன்று புரியவில்லை. நேற்று சாயங்காலம் வரை ஓடிய வண்டி. ஒரு ராத்திரி மழையில் இது எப்படிக் கெடும்?

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | மதியம் 12.20

மகிழ்ச்சி தம்பி.

ஒரு ராத்திரியில் கெடவில்லை. தீபாவளிக்கு முன்பே செல்ஃப் கனமாகச் சுற்றியது என்றீர்களே, அப்போதே தொடங்கிவிட்டது. கணக்கைப் பாருங்கள். வீட்டு லைட் ஒயரில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை வந்தால் யாருக்கும் தெரியாது. செல்ஃப் ஒயரில் 300 ஆம்பியர் ஓடும்போது அதே நூற்றில் ஒரு பங்கு ஓம் 3 வோல்ட்டைத் தின்றுவிடும். தடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, நீங்களும் அதற்குப் பழகிவிட்டீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயில் இளகியிருக்கும், லேசாகச் சுற்றும். காலையில் ஆயில் கெட்டி, அதிகக் கரண்ட் வேண்டும், அப்போதுதான் குறை வெளியே தெரியும்.

மழைத் தண்ணீர் அந்தத் துருவுக்கும் போல்ட்டுக்கும் இடையில் போய், மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தையும் விடுவித்துவிட்டது. நம் பக்கத்து மழைக்கு முன்னால் நம் பக்கத்துக் காற்று இருக்கிறது. திருவொற்றியூரில் இருந்து எண்ணூர், அத்திப்பட்டு வரை கடல் காற்று, அதற்குமேல் உப்பளம், மணலி ஆலைகளின் புகை. செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இருந்தால் இரும்பு வேகமாக அரிக்கும். இது வண்டி கம்பெனியின் குறை இல்லை. இருபது வருடமாக இந்தக் காற்றில் நிற்கிற எந்த வண்டிக்கும் வரும். வேலூர் பக்கத்து வண்டியில் இந்த அளவு நான் பார்த்ததில்லை. வியாசர்பாடி, எண்ணூர் வண்டிகளில் மழைக்காலம் முழுக்க இதே வேலைதான்.

இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மழை விட்டதும் எத்தனை பேர் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். புது பேட்டரி மாட்ட டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது கொஞ்சம் சரியாகிவிடும். பேட்டரிதான் குறை என்று நம்பிவிடுவார்கள். அடுத்த மழையில் மறுபடி அதே கதை. தினம் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்று இருப்பவர்களிடம் இது நடக்கக் கூடாது. ஒரு அளவு எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

சரி, இப்போது சரிசெய்வது. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பழைய பட்டியை எறிந்துவிடுங்கள், ஒட்டுப் போட வேண்டாம். புதிய செம்புப் பின்னல் பட்டி, 70 சதுர மி.மீ. அளவில், இரண்டு முனையிலும் வெள்ளீயம் பூசிய செம்பு லக், சுத்தியலால் அடித்தது இல்லை, மெஷினில் அழுத்தியது. சேசிஸில் அந்த இடத்தை எமரி தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள். பெயின்ட் மேல் கட்டினால் கட்டாததுக்குச் சமம். பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸோ வேசலினோ பூச வேண்டும், அதற்கும் மேல் பெயின்ட் அடித்தால் இன்னும் நல்லது. முதலிலேயே நடுவில் கிரீஸை அப்பிவிட்டு இறுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. லக்கும் இரும்பும் காய்ந்து தொட வேண்டும்.

என் வழக்கம் இன்னொன்று. பேட்டரி மைனஸில் இருந்து செல்ஃப் மோட்டாரைக் கட்டும் போல்ட்டுக்கே நேராக ஒரு கனமான ஒயர் தனியாக இழுத்துவிடுவேன். சேசிஸ் பட்டியும் இருக்கும், இதுவும் இருக்கும். ஒன்று போனாலும் நடு ரோட்டில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஸ்டாப் கேபிளை மாற்றிவிடுங்கள். சூட்டில் உள்ளே இருக்கும் உறை உருகியிருக்கலாம். ஓடுகிற எஞ்சினை நிறுத்த முடியாமல் போனால் அது வேறு ஆபத்து. ஆக்சிலரேட்டர் கேபிளையும் இழுத்துப் பாருங்கள், எங்காவது சிக்குகிறதா என்று.

மாதவரம் பார்சல் | மதியம் 12.41

எனக்கும் ஒரு கேள்வி. என்னுடையது 12 வோல்ட் சின்ன லாரி. மழையில் ‘டக்’ கூட வராது, டேஷ்போர்டு லைட்டும் சில நேரம் வராது. கொஞ்ச நேரம் வெயில் பட்டால் தானாகச் சரியாகிவிடும். இதுவும் எர்த்தா?

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | மதியம் 12.55

உங்களுடையது வேறு. முன் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். காய்ந்து சுருங்கியிருந்தால் கண்ணாடி மூலையில் தண்ணீர் உள்ளே இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் மேல் சொட்டும். ஃபியூஸ்களைக் கழற்றி அவற்றின் உலோகக் கால்களைப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். பீடிங்கை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் துடைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பைப்பால் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

காசிமேடு ஐஸ் வண்டி | மதியம் 1.30

தண்டையார்பேட்டை அண்ணே, உங்களிடம் ஒரு சந்தேகம். எங்கள் இரண்டாவது வண்டியும் பழைய பம்ப் வண்டிதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. காலையில் இரண்டு நிமிடம் ஓடி, தடுமாறி, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை. இரவு மழையில் வெளியேதான் நின்றது.

தண்டையார்பேட்டை டீசல் | மதியம் 1.48

இதுதான் நான் காலையில் சொன்ன கேஸ். கொஞ்சம் ஓடி நின்றது என்றால், லைனில் இருந்த நல்ல டீசல் தீர்ந்து தண்ணீர் வந்திருக்கும். இனி செல்ஃப் அடிக்காதீர்கள். அடிக்க அடிக்கத் தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுகிறீர்கள்.

டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் டேங்க் அடியில்தான் கிடக்கும். வண்டி ஒரு மணி நேரமாவது அசையாமல் நிற்கட்டும். பிறகு டேங்க் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் வைத்தால் கீழே தண்ணீர், மேலே டீசல் என்று கோடு பிரிந்து தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை இறக்குங்கள். வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தைக் கழுவுங்கள். டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள், தண்ணீர் குடித்த பேப்பர் ஃபில்டரைக் காய வைத்துப் போடுவது வேண்டாம்.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் மேல் இருக்கும் கை பம்ப்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது, அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அதேபோல் டீசல் பம்ப்பில் உள்ள ஸ்குரூ. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கத்துப் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த நேரம் நட்டுக்கு நேராகக் கையை நீட்டவே கூடாது. நாசில் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வலி அப்போது தெரியாது, பிறகு கையையே எடுக்கும் நிலை வரும். பழகிய ஆள் பக்கத்தில் இல்லையென்றால் இந்தக் கடைசி வேலையைத் தொட வேண்டாம்.

டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தண்ணீர் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. பம்ப்புக்கு உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், அதற்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் குறைத்துவிடும். தண்ணீர் ஏற்கெனவே பம்ப்புக்குள் போயிருந்தால் உடனே நல்ல டீசல் ஓட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு வாரம் அப்படியே நிறுத்தினால் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும், அப்போது செலவு எங்கேயோ போய்விடும்.

டேங்க் மூடி ரப்பரை இன்றைக்கே மாற்றுங்கள்.

காசிமேடு ஐஸ் வண்டி | மாலை 4.40

பாட்டிலில் கால் பாகம் தண்ணீர் அண்ணே! மூடி ரப்பர் பாதி இல்லவே இல்லை. ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்ததும் ஓடிவிட்டது. பைப் நட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நன்றி.

எண்ணூர் டிரெய்லர் | மாலை 5.15

மணலி தம்பிக்கு ஒன்று சொல்ல மறக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். ஹப் வரை தண்ணீர் நின்றது என்றீர்கள். பின் ஆக்சில் கூட்டுக்கு மேலே காற்று போய்வர சின்ன பிரீத்தர் இருக்கும். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் நின்றால், உள்ளே காற்று சுருங்கி, பிரீத்தர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரம்) ஆயில் பிளக்கைத் திறந்து கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் முழுசாக மாற்ற வேண்டும். பத்து சக்கரத்தில் கிரவுன் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் பாருங்கள். கியர்பாக்ஸும் அப்படியே. முன் சக்கர ஹப் கிரீஸை ஒரு பக்கமாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. இதெல்லாம் உடனே வண்டியை நிறுத்தாது, அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்துப் பேரிங் சத்தம் போடும்போது மழையை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

மணலி பத்து சக்கரம் | புதன், இரவு 9.20

புதுப் பட்டி போட்டாச்சு. மூலக்கடை அண்ணா சொன்ன மாதிரி செல்ஃப் போல்ட்டுக்கு நேராக இன்னொரு ஒயரும் இழுத்தாச்சு. ஸ்டாப் கேபிளைக் கழற்றினால் உள்ளே உறை உருகி, கம்பியோடு ஒட்டியிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு தடவை அடித்திருந்தால் சிக்கியிருக்கும். ரேடியோவுக்கு கன்வெர்ட்டர் போட்டுவிட்டேன். 12.3 இருந்த பேட்டரியைத் தனியாக சார்ஜில் வைத்தேன், இப்போது இரண்டும் சமமாக இருக்கின்றன.

கிரவுன் ஆயில் நிறம் மாறியிருந்தது எண்ணூர் அண்ணா. மாற்றிவிட்டேன். கியர்பாக்ஸ் ஆயில் சுத்தம். ஹப்பை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். லோடு இறக்கிவிட்டு இப்போதுதான் வந்தேன்.

மறுபடி அளந்தேன். செல்ஃப் சுற்றும்போது மைனஸ் தூணுக்கும் எஞ்சினுக்கும் 0.3 வோல்ட். இது போதுமா?

மூலக்கடை ஆட்டோ எலக்ட்ரிக் | இரவு 9.41

தாராளமாகப் போதும். பிளஸ் பக்கமும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். பேட்டரி பிளஸ் தூணுக்கும் செல்ஃபில் கனமான ஒயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் நடுவில். அந்த ஒயரும் பட்டி வயசுதானே. நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதுங்கள், ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சின் இரண்டு முனையையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.